கோலும் தலையும் வரியும்

அரசு ஒரு வரிக்குப் பெயர் சூட்டும். அதைக் கட்டவேண்டிய மக்கள் தங்கள் பங்குக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டுவார்கள். அரசிதழில் அச்சேறிய பெயர் வழக்கறிஞர்களின் அலமாரியில் தங்கிவிட, பட்டப்பெயரே ஊரார் நாவில் நிலைத்துவிடும். அப்படி நிலைத்த ஒரு பெயரை எடுத்துவைத்துக்கொண்டு, சொல்லைச் சுவைக்கும் நண்பரே, அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம் 2007இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆடை களைந்து ஆடும் நடனமும் மதுவும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் விடுதிகள், உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் 5 டாலர் வீதம் அரசுக்குச் செலுத்த வேண்டும். திரளும் தொகையில் முதல் இரண்டரைக் கோடி டாலர், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோருக்கு உதவும் திட்டங்களின் நிதியில் சேரும். ஹூஸ்டன் நகரத்து உறுப்பினர் எல்லன் கோகன் கொண்டுவந்த அச்சட்டம் 2008 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டம் அதற்கு இட்ட பெயர் 'பாலியல் சார் தொழிலகக் கட்டணம்'. மக்கள் இட்ட பெயர் 'போல் டாக்ஸ்'.

இந்தப் பட்டப்பெயரில் உள்ள 'போல்' செவிக்கு ஒன்று, பொருளுக்கு இரண்டு. அவ்விடுதிகளின் மேடையில் ஆடுபவர் பற்றிச் சுழலும் உலோகக் கம்பம் ஒரு போல். ஆளுக்கு இவ்வளவு என்று தலையை எண்ணி வாங்கிய பழைய தலைவரியின் பெயரில் நிற்கும் போல் மற்றொன்று. ஆங்கில எழுத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு. ஒலியில் வேறுபாடு இல்லை. சொல்லைப் பிரிக்காமல் இருபொருள் தருவதால் நம் அணியிலக்கணம் இதைச் செம்மொழிச் சிலேடை என்று ஏற்றுக்கொள்ளும். சிலேடை வெறும் ஒலி விளையாட்டாக நின்றிருந்தால் நாம் அதற்கு இவ்வளவு நேரம் தரவேண்டியதில்லை. இங்கே இரு பொருளும் சட்டத்துக்கு முற்றப் பொருந்துகின்றன என்பதுதான் சுவை: கம்பம் உள்ள இடத்தில் விழும் வரி அது, நுழையும் தலைகளை எண்ணி வாங்கும் வரியும் அது.

முதலில் கம்பத்தை எடுத்துக்கொள்வோம். மண்ணில் அறையும் முளையைக் குறித்த இலத்தீனச் சொல் 'பாலுசு'. அது பழைய ஆங்கிலத்தில் 'பால்' என்றாகி, உயிர் குவிந்து 'போல்' ஆயிற்று. அதே இலத்தீனச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக 'பேல்' என்ற வேறொரு வடிவமும் ஆங்கிலத்துக்குள் வந்தது. முளை அறைந்தால் வேலி. வேலி சூழ்ந்தால் எல்லை. ஆகவே 'பேல்' எல்லையைக் குறித்தது. அயர்லாந்தில் டப்ளின் நகரைச் சுற்றி ஆங்கில அரசனின் ஆணை செல்லுபடியான நிலப்பகுதிக்கே 'பேல்' என்று பெயர் இருந்தது. ஆங்கிலேயர் ஒருவருடைய நடத்தை பொறுக்க முடியாதது என்று சொல்லும்போது அது 'பேலுக்கு அப்பால்' போய்விட்டது என்பர். மேடையில் நட்ட கம்பமும், நயத்தக்க நாகரிகத்துக்கு வரம்பு கட்டிய வேலியும் ஒரு சொல்லின் இரு பிள்ளைகள் என்பதை அந்த விடுதிகளின் உரிமையாளரும் அறிந்திருக்க மாட்டார், சட்டம் செய்தவரும் அறிந்திருக்க மாட்டார். சொல் மட்டும் அறிந்திருக்கிறது.

அடுத்தது தலை. நடுக்கால ஆங்கிலத்தில் 'போல்' என்றால் தலையின் உச்சி, முடி வளரும் பகுதி. கூட்டத்தில் மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிவது அந்த உச்சியே. எனவே ஆளெண்ணுவதற்கு அச்சொல் வாய்ப்பாக அமைந்தது. ஆளை எண்ணி வாங்கிய வரி தலைவரி. ஆளை எண்ணி அறிந்த விருப்பம் வாக்கெடுப்பு. இன்றும் ஆங்கிலத்தில் தேர்தல் வாக்கெடுப்புக்கு அதே சொல்தான். இங்கிலாந்தில் 1377இல் ஆளுக்கு 4 பென்சு என்று தொடங்கிய தலைவரி 1380இல் 12 பென்சாக ஏற, மறு ஆண்டே, 1381இல், உழவர்கள் இலண்டனுக்குள் படையெடுத்து வந்தார்கள். அறுநூறு ஆண்டு கடந்தும் அப்பெயரின் கசப்பு தீரவில்லை. பிரதமர் தாட்சரின் அரசு 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆள்வீதம் ஒரு வரி போட்டு அதற்குச் 'சமுதாயக் கட்டணம்' என்று மென்மையாகப் பெயரிட்டது. மக்கள் அந்தப் பெயரை ஏற்காமல் 1381இன் பெயரையே மீண்டும் எடுத்தார்கள். 1990 மார்ச் 31 அன்று டிரபால்கர் சதுக்கத்தில் கலவரம் மூண்டது. 1993இல் அவ்வரி போயிற்று. பட்டப்பெயர் வென்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டெக்சஸ் மக்களின் செவியில் அச்சொல் இன்னொரு புண்ணையும் தொட்டது. 1902 முதல் அம்மாநிலத்தில் வாக்களிக்க வேண்டுமானால் முன்கூட்டியே ஒன்றரை டாலரும் அதற்கு மேலும் தலைவரி கட்டியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. கறுப்பினத்தவரும் ஏழைகளும் வாக்குச்சாவடிப் பக்கம் வராதபடி அது காத்தது. 1964இல் அமெரிக்க அரசமைப்பின் இருபத்து நான்காம் திருத்தம் நடுவண் தேர்தல்களில் அதை ஒழித்தது. 1966இல் நீதிமன்றங்கள் மாநிலத் தேர்தல்களிலும் ஒழித்தன. ஆகவே அந்த மண்ணில் 'போல் டாக்ஸ்' என்று சொல்லிச் சிரிப்பவர் வெறுங்கேலி பேசவில்லை. அரசு ஒரு தலையை எண்ணும்போது அந்தத் தலையை மதிக்கவும் செய்கிறதா, ஒதுக்கவும் செய்கிறதா என்ற பழைய ஐயத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறார்.

தலையை எண்ணும் வழக்கு நமக்கும் புதிதன்று. ஊர்க்கோயில் திருவிழாவுக்கு இன்றும் 'தலைக்கட்டு வரி' வாங்குகிறார்கள். தலைக்கட்டு என்பது மணமாகித் தனிக்குடித்தனமான குடும்பம். தலைக்கட்டு வரி கொடுத்தவன் ஊரில் ஒருவன். அவனிடம் வரி வாங்க மறுப்பதே அவனை ஊரிலிருந்து விலக்குவதற்கு ஒப்பு. கொடுப்பது சுமை, கொடுக்கவிடாமல் தடுப்பது அதைவிடப் பெருஞ்சுமை என்ற முரண் இச்சொல்லுக்குள் இருக்கிறது. குமரிமுனை வரை பரந்திருந்த திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் 'தலைக்கரம்' வாங்கினார்கள்; அவ்வினத்துப் பெண்களிடம் வாங்கியதை 'முலைக்கரம்' என்றார்கள். கரம் வடசொல், கையும் அதுவே, கதிரும் அதுவே, வரியும் அதுவே. உடலுறுப்பின் பெயரால் வரியைச் சுட்டுவது எவ்வளவு பழைய இழிவு என்பதற்கு அந்த இரண்டு பெயர்களே போதும்.

இப்போது கோலுக்கும் தலைக்கும் நம் மொழி இட்டுவைத்த முடிச்சைப் பாருங்கள். தமிழில் கோல் என்பது ஆட்சியும் அளவும் ஆடலும் ஒருங்கே பற்றி நிற்கும் சொல். அரசன் கையில் அது செங்கோல். நிலமளந்து இறை வகுத்த சோழ அலுவலர் கையில் அது அளவுகோல். கல்வெட்டுகள் அதை 'உலகளந்த கோல்' என்றே பெருமிதமாகச் சுட்டுகின்றன. ஆடல் மகளின் அரங்கில் அது 'தலைக்கோல்'. தோற்ற மன்னனின் வெண்கொற்றக் குடைக்காம்பைக் கைப்பற்றி, மணியும் பொன்னும் அணிவித்து, வழிபட்டு, அரங்கில் நிறுத்திய கோல் அது. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறித் தலைக்கோல் பட்டம் பெற்றாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை மதிப்புள்ள மாலையும் பெற்றாள். 'தலைக்கோலி' என்ற பட்டம் தாங்கிய ஆடல் மகளிரைச் சோழர் கல்வெட்டுகளிலும் காண்கிறோம். ஆங்கிலம் சிலேடையால் ஒட்டவைத்த தலையும் கோலும் தமிழில் ஒரே தொகைச்சொல்லாக முன்பே நின்றிருந்தன; அங்கே அவை ஆடலின்மேல் விழுந்த வரிக்குப் பெயர், இங்கே ஆடலுக்கு அரசு தந்த சிறப்புக்குப் பெயர். தற்செயல்தான்; ஆயினும் சொல்லன்பர் கண்டால் கடந்துபோக முடியாத தற்செயல். கம்பமேறி ஆடும் கலைக்கும் நம்மிடம் பெயர் உண்டு, கழைக்கூத்து; அது தெருவோரத்து உடல்வித்தை, இரவு விடுதியோடு அதற்கு உறவில்லை.

இத்தகைய வரியைத் தமிழில் எப்பெயரால் சொல்வது? நம் ஆட்சிமொழியில் ஆயத்தமாக இருக்கும் பெயர் 'கேளிக்கை வரி'. சென்னை மாகாணத்தில் 1939இல் வந்த சட்டத்தின் பெயர் அது. திரையரங்கும் நாடகமும் குதிரைப்பந்தயமும் கேளிக்கை என்னும் ஒரே சொல்லின் நிழலில் வந்து நின்றன. கேளிக்கை என்பதைக் கேள் என்னும் வினையோடு இணைத்துக் 'கேட்டு மகிழ்வது' என்று விளக்குவோர் உண்டு. உறவைக் குறிக்கும் கேளிரோடு இணைப்போரும் உண்டு. இரண்டும் ஒலியை மட்டும் நம்பிச் சென்ற வழிகள். விளையாட்டையும், சிறப்பாகக் காதல் விளையாட்டையும் குறித்த வடமொழிக் 'கேலி'தான் இதன் மூலம். அது தமிழுக்கு இரு வாயில்களால் வந்தது. லகரம் மாறாமல் வந்தது கேலி. அது பொருள் சுருங்கி ஏளனம் ஆயிற்று. ளகரம் பெற்று வந்தது கேளி. அது ஆட்டத்தையும் மகளிர் கூத்தையும் குறித்தது. கேளிக்கையில் இறுதியில் நிற்கும் 'க்கை' வாழ்க்கை, இருக்கை என்ற நம் சொற்களின் சாயலை அதற்குப் பூசிவிட்டதால், வந்த சொல் வந்ததாகவே தெரியவில்லை. மலையாள நாட்டில் கதகளி நிகழப்போவதை மாலையில் ஊருக்கு அறிவிக்கும் மத்தள முழக்கம் இன்றும் 'கேளிகொட்டு'.

தனித்தமிழ் விழைவோர் கேளிக்கைக்கு ஈடாகக் களியாட்டத்தை முன்வைப்பர். இலங்கையில் 'களியாட்ட வரி' என்ற வழக்கும் உண்டு. களியின் குடும்பம் பெரிது. கள், களி, களிப்பு, களியாட்டு என்று அது விரியும். மதங்கொண்ட யானையைக் களிறு என்றதும் அக்குடும்பத்து வழக்கே. மது உள்ளே சென்றதும் மனம் பொங்கும் நிலை களி. ஆகவே களியாட்டம் என்று சொன்ன அளவிலேயே கள்ளும் ஆடலும் சேர்ந்துவிடுகின்றன. டெக்சஸ் சட்டத்தின் உயிர்நிலையும் இந்தச் சேர்க்கைதான் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். ஆடை களைந்த ஆடல் மட்டும் இருந்தால் வரி இல்லை. மது மட்டும் இருந்தாலும் அந்த வரி இல்லை. இரண்டும் சேர்ந்தால் 5 டாலர். அந்தச் சேர்க்கைக்கு ஆங்கிலச் சட்டம் பல வரிகளில் விளக்கம் எழுதியது. தமிழில் களியாட்டம் என்ற ஒரு சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது.

இனி 'வரி'. இதுவே இக்கட்டுரையின் நடுத்தூண். வரி என்றால் முதலில் கோடு. வரிப்புலி, வரிக்குதிரை, உள்ளங்கை வரி, எழுத்தின் வரிவடிவம் எல்லாம் கோட்டிலிருந்து வந்தவை. வரிதல் என்றால் இறுகக் கட்டுதல். வேட்டியை வரிந்து கட்டுவதும், கூரையில் வரிச்சு பிடிப்பதும் அதனால். அரசுக்குக் கொடுக்கும் பொருள் எப்படி வரியாயிற்று? வருவாய் என்பதில் உள்ள வரு என்னும் அடியிலிருந்து கொள்வாரும் உளர். ஆனால் சோழர் கல்வெட்டு வழக்கு வேறு வழி காட்டுகிறது. நிலத்துக்கு இன்ன இறை என்று ஓலையில் பதிவதை அங்கே 'வரியிலிடுதல்' என்றார்கள். வருவாய்த் துறை 'புரவுவரித் திணைக்களம்'. அதில் பதிவேடு காத்த அலுவலருக்கு 'வரிப்பொத்தகம்' என்றே பெயர். ஓலையில் எழுதிய ஒரு வரிதான் குடியானவன் தலையில் ஏறிய வரி. எழுதப்படாதது கட்டப்படாது. வரி கட்டுதல் என்னும் தொடரில் கோடும் முடிச்சும் ஒன்றாக இருப்பதை இத்தனை நாளும் சொல்லிக்கொண்டே, கவனிக்காமல் வந்திருக்கிறோம்.

ஆனால் வரிக்கு இன்னொரு பிறப்பும் உண்டு. சிலம்பில் வேட்டுவ வரி உண்டு, கானல்வரி உண்டு. வேனிற்காதையில் கோவலன் மாதவி ஆடிய எண்வகை வரியை அடுக்கிச் சொல்கிறான். கண்கூடுவரி, காண்வரி, உள்வரி, புறவரி என்று அது நீளும். அங்கே வரி என்பது பாட்டு, அதனோடு இயைந்த கூத்து. உரைகாரர் அடியார்க்குநல்லார் வரிக்கூத்தை விளக்குமிடத்து, அவரவர் பிறந்த நிலத்தின் இயல்பும் பிறப்புக்கேற்ற தொழிலின் இயல்பும் தோன்ற நடிப்பது என்ற கருத்தைத் தருகிறார். நிலமும் தொழிலும்! அரசின் வரியும் அவ்விரண்டையும் பற்றித்தானே விழுகிறது? நிலத்துக்கு நிலவரி, தொழிலுக்குத் தொழில்வரி. ஆகக் 'கேளிக்கை வரி' என்ற நம் பெயரில் முன்சொல்லுக்கும் கூத்தென்று பொருள், பின்சொல்லுக்கும் கூத்தென்று பொருள். கூத்தின்மேல் விழும் கடனைச் சொல்ல வந்த பெயரே இருமுறை கூத்தாடி நிற்கிறது.

வரிக்கு முன் வழங்கிய பிற சொற்களும் இதே குறும்பைச் செய்கின்றன. இறை என்றால் அரசன், இறை என்றால் அவனுக்குரிய பங்கு. கடமை சோழர் காலத்தில் ஒரு வரியின் பெயர். இன்று அறத்தின் பெயர். ஆயம் என்றால் சுங்கம். ஆயம் என்றால் தலைவியோடு விளையாடும் தோழியர் கூட்டமும். வள்ளுவர் சூதைப் பேசும் இடத்தில் ஆயம் என்ற ஒரு சொல்லையே உருளும் கவற்றுக்கும் வரும் பொருளுக்கும் வைத்து ஆடியிருப்பதைக் கற்றவர் அறிவர். விளையாட்டையும் வருவாயையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் கண் நம் மொழிக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

ஆடற்களத்திலிருந்து அரசு பொருள் பெறுவதும் பழையதே. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் கணிகையரை மேற்பார்க்க ஓர் அலுவலரையே வகுத்தது. அழகால் பிழைப்பவர் மாதந்தோறும் இரண்டு நாள் வருவாயை அரசுக்குத் தரவேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கூத்தர் குழு 'பிரேட்சாவேதனம்' என்ற காட்சிக் கட்டணமாக 5 பணம் செலுத்த வேண்டும் என்கிறது அந்நூல். பாடலிபுத்திரத்து 5 பணமும் டெக்சஸ் 5 டாலரும் எண்ணிக்கையில் ஒத்துப்போவது வேடிக்கை. ஆனால் ஒன்று கூத்தரிடம் வாங்கியது, மற்றொன்று காண வருவோரை எண்ணி வாங்குவது. 1443இல் விசயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அந்நகரத்துப் பரத்தையர் விடுதிகளிலிருந்து பெற்ற வரி நகரக் காவலர்களின் ஊதியத்துக்குச் சென்றதாக எழுதிவைத்தார். திரட்டும் இடத்தைச் சொல்லக் கூசும் பொருளை, செலவழிக்கும் இடத்தைச் சொல்லித் தூய்மைப்படுத்தும் வழக்கம் அன்றே இருந்தது. டெக்சஸ் சட்டம் வன்கொடுமைக்கு ஆளானோரின் நிதியைச் சுட்டியபோது அதே வழியில்தான் நடந்தது.

கூச்சத்தைப் பற்றிப் பேசும்போது இடக்கரடக்கலைத் தொடாமல் போக முடியாது. இவ்வகை விடுதிகளை ஆங்கிலத்தில் 'அடல்ட்' கேளிக்கை இடங்கள் என்கிறார்கள். வளர்ந்தவர் என்று மட்டுமே பொருள்படும் அச்சொல், அவையில் சொல்லத் தகாததை மூடும் துணியாயிற்று. அதை அப்படியே எடுத்து 'வயது வந்தோர் கேளிக்கை' என்று நம் செய்தித்தாள்களில் சிலர் எழுதுகிறார்கள். தமிழில் வயது வந்தோர் என்பது வாக்குரிமைக்கும் முதியோர் கல்விக்கும் உரிய தொடர். 'வயதுக்கு வந்தாள்' என்பதோ மஞ்சள் நீராட்டுக்குரியது. பிறமொழியின் மூடுதுணி நமக்கு மூடுவதுமில்லை, காட்டுவதுமில்லை. பரத்தையரைச் சுட்ட வள்ளுவர் ஆண்ட தொடர் 'வரைவின் மகளிர்'. வரைவு என்பது மணமும் ஆகும், கோடிட்டு வகுத்த எல்லையும் ஆகும். வரையும் வரியும் ஓரடிச் சொற்கள் என்பதை எண்ணினால், எல்லை வகுப்பதும் இறை வகுப்பதும் ஒரே கையின் வேலை என்று புலப்படும்.

நீதிமன்றங்களில் நடந்ததும் அந்தக் கோடு போடும் வேலையே. விடுதி உரிமையாளர் சங்கம் டெக்சஸ் சட்டத்தை எதிர்த்தது. ஆடல் ஒரு வெளிப்பாடு, பேச்சுரிமையின் காவல் அதற்கு உண்டு, வரி போட்டு அதை நெருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். கீழ்நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றன. 2011 ஆகத்து 26 அன்று டெக்சஸ் உச்சநீதிமன்றம் நீதிபதி நேதன் ஹெக்ட் எழுதிய தீர்ப்பில் அதை மாற்றியது. ஆடலின்மேல் அரசு கைவைக்கவில்லை, ஆடையின்மையும் மதுவும் சேரும்போது விளையும் தீங்குகளின்மேல்தான் கைவைக்கிறது, மதுவை நிறுத்திவிட்டால் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதன் பிறகு பெயரைப் பற்றியே ஒரு வழக்கு எஞ்சி நின்றது: சட்டம் 'கட்டணம்' என்கிறதே, இது உண்மையில் தொழில்வரியா? தொழில்வரியானால் அம்மாநில அரசமைப்பின்படி நான்கில் ஒரு பங்கு பள்ளிகளுக்குப் போக வேண்டும். 2014இல் ஆஸ்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது தொழில்வரி அன்று, ஒருவகைத் தீர்வை என்றது. கட்டணம், வரி, தீர்வை என்ற மூன்று சொற்களுக்கு இடையிலான வேற்றுமையில் கோடிக்கணக்கான டாலர் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த கோடு ஆடையைப் பற்றியது. சில விடுதிகளில் ஆடுபவர்கள் தோல்நிற இரப்பர்ப் பூச்சு பூசிக்கொண்டு, ஆடை அணிந்திருக்கிறோம், ஆகவே கட்டணம் இல்லை என்றார்கள். அப்பூச்சு ஆடையாகாது என்று மாநில வரித்துறை 2017இல் விதியைத் திருத்தியது. 2021இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்திருத்தம் செல்லாது என்றது. எது ஆடை என்று வரையறுப்பது அகராதிக்காரர் வேலை என்று நாம் எண்ணியிருந்தோம். வரித்துறையும் அதே வேலையில் இருக்கிறது.

நியூயார்க்கில் கேள்வி இன்னும் ஆழமானது: எது ஆடல்? அம்மாநிலத்தில் நாடகம், இசை, நடனக் கலை நிகழ்ச்சிகளின் நுழைவுக்கு விற்பனை வரி இல்லை. ஆல்பனி நகருக்கு அருகிலிருந்த ஒரு விடுதி, தன் மேடையில் நடப்பதும் நடனக் கலையே என்று விலக்குக் கேட்டது. 2012 அக்டோபரில் மாநிலத்தின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மறுத்தது. உயர்ந்த ஆடல், தாழ்ந்த ஆடல் என்று பிரிப்பது வரி வாங்குபவரின் வேலையாகாது என்று மாறுபட்ட நீதிபதிகள் எழுதினார்கள். 2006இல் நார்வே நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமோ ஆடைகளைவு நடனமும் கலையே என்று சொல்லி மதிப்புக்கூட்டு வரியிலிருந்து விடுவித்தது. ஒரே ஆட்டம், கடலின் ஒரு கரையில் கலை, மறுகரையில் வெறும் வணிகம்.

பெயரைப் பார்த்து வரி போடும் கதை நமக்கும் நேர்ந்ததுண்டு. 2006இல் தமிழ்நாட்டு அரசு, தமிழில் பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளித்தது. 'ஜில்லுன்னு ஒரு காதல்' உடனே 'சில்லுன்னு ஒரு காதல்' ஆயிற்று. ஓர் எழுத்தின் மாற்றத்தில் வரி போயிற்று. மொழிக்கு முதலாகா எழுத்தும் மொழிக்கு முதலாகும் எழுத்தும் எவை என்று தொல்காப்பியர் வகுத்த கோட்டுக்கு இப்படியொரு காசு மதிப்பு வரும் என்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார். 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, பழைய கேளிக்கை வரி உள்ளாட்சிகளின் கைக்கு மாறிப் புதுப் பிறப்பெடுத்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆட்சிகள் மாறினாலும் அழியாத ஆற்றல் நல்ல பெயருக்கு உண்டு.

இவ்வளவும் பிரித்துப் பார்த்தபின் ஒரு முடிவு சொல்லலாம். தறியிறை, செக்கிறை, கண்ணாலக்காணம், ஈழம்பூட்சி என்று நம் கல்வெட்டுகளில் நிற்கும் வரிப்பெயர்கள் யாரிடம், எதற்காக வாங்கப்பட்டது என்பதை ஒளிக்காமல் சொன்னவை. அவற்றின் சுமை எவ்வளவு இருந்தாலும் பெயரில் பொய் இல்லை. 'பாலியல் சார் தொழிலகக் கட்டணம்' என்ற டெக்சஸ் பெயரோ, வரியைக் கட்டணம் என்று மறைத்து, மதுவைச் சொல்லாமல் விட்டு, தலையெண்ணிக்கையையும் மூடிவைத்தது. அவற்றில் இரண்டைப் பட்டப்பெயர் இரண்டே சொல்லில் வெளியே இழுத்துவிட்டது. நாளை எந்த அரசேனும் ஆடலரங்கின்மேலோ மதுக்கூடத்தின்மேலோ புதிய வரி ஒன்றை முன்மொழிந்தால், அது நல்லதா தீயதா என்று வாதிடுமுன் அதன் பெயரைப் பிரித்துப் படியுங்கள்: எண்ணப்படுவது தலையா, இடமா, ஆட்டமா, அது கட்டணமா, தீர்வையா, வரியா, திரண்ட பொருள் போய்ச் சேரும் இடம் எது. இம்மூன்றுக்கும் விடை சொல்லாத பெயரைத் தமிழில் எழுத நேரும் செய்தியாளரும் மொழிபெயர்ப்பாளரும் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம். களியாட்ட வரி என்றோ தலைவரி என்றோ உள்ளதை உள்ளபடி எழுதட்டும். அதற்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் ஆயிரம் ஆண்டாக இருக்கின்றன.